பெரிய கப்பலில் சாண்டோரினி: டிக்கெட் போடுவதிலிருந்து கடைசிப் படகு வரை

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவு மொத்தமே 76 சதுர கிலோமீட்டர்தான். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பதினைந்தாயிரத்துச் சொச்சம். காசுள்ளவர்கள் தேனிலவுக்குப் போகும் தீவு என்று பெயர் வாங்கிவிட்டது. பாறை விளிம்பில் குடைந்த ஓர் அறையில் கோடைகால இரவொன்றைக் கழிக்கப் பல நூறு யூரோ கேட்கிறார்கள். கப்பலில் வந்து பகலில் மட்டும் சுற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் அதே நாளில் அதே யோசனையோடு இன்னும் சில ஆயிரம் பேர் வந்து இறங்குவார்கள்.

எங்கே படம் எடுப்பது, எந்த உணவகம் நல்லது என்று சொல்ல ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. கப்பலில் போகிறவருக்கு அதைவிட முக்கியமான விஷயம், துறைமுகத்திலிருந்து மேலே ஊருக்கு ஏற்றிவிடும் கேபிள் காரின் வரிசை. அந்த வரிசையில் நிற்காமல் தப்பித்தால் ஏழெட்டு மணி நேரம் உங்கள் கையில் இருக்கும். மாட்டிக்கொண்டால் பாதி நாள் போச்சு. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றியே எழுதப்பட்டவை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சாண்டோரினி ஓர் எரிமலையின் உடைந்த விளிம்பு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் நடுப்பகுதி உள்வாங்கி, கடல் உள்ளே புகுந்துவிட்டது. மிஞ்சியது பிறை வடிவத்தில் ஒரு மேடு. அதன் வெளிப்புறம் சரிந்து கடற்கரையாக இறங்குகிறது. உட்புறம் செங்குத்தான பாறைச் சுவர். அந்தச் சுவரின் உச்சியில்தான் தலைநகரான ஃபிராவும், படங்களில் பார்க்கும் ஈயாவும் உட்கார்ந்திருக்கின்றன. (தமிழில் பலரும் ஓயா என்று எழுதுவது இதைத்தான். பஸ் நடத்துநரிடம் ஈயா என்று கேளுங்கள்.) சுவருக்குள் அடங்கிய கடலைக் கால்டெரா என்கிறார்கள்.

கால்டெராவின் ஆழம் பல இடங்களில் 300 மீட்டரைத் தாண்டும். பெரிய கப்பல் வந்து கட்டத் துறை கிடையாது, நங்கூரம் போடவும் தோதில்லை. அதனால் கப்பல் மிதவையில் கட்டிக்கொண்டோ, இயந்திரத்தை ஓட்டியபடி இருந்த இடத்திலேயோ நிற்கும். பயணிகளைச் சிறு படகுகள் கரைக்குக் கொண்டுபோகும். இந்தப் படகுகளை டெண்டர் என்பார்கள். கால்டெராவின் அழகைப் பார்த்து இதைச் சாதுவான குளம் என்று நினைத்துவிட வேண்டாம். 2007 ஏப்ரலில் 'சீ டயமண்ட்' என்ற பயணக் கப்பல் இங்கே பாறையில் மோதி, மறுநாள் மூழ்கியது. ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்டோரைக் கரை சேர்த்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பயணிகள் இருவர் மட்டும் காணாமல் போனார்கள். அந்தக் கப்பல் கால்டெராவின் அடியில் கிடக்கிறது.

கரையேற இரண்டு இடங்கள் உண்டு. ஃபிராவுக்கு நேர் கீழே பழைய துறைமுகம். சொந்தமாகச் சுற்ற நினைப்பவர்கள் இறங்குவது இங்கேதான். இங்கிருந்து மேலே போகக் கார் சாலை இல்லை. இன்னொன்று தெற்கே உள்ள அதினியோஸ். ஏதென்ஸிலிருந்து வரும் பயணிகள் படகுகள் கட்டும் துறை அது. வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை உண்டு. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சேர்ந்தவர்களைப் பெரும்பாலும் அதினியோஸில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

படி 1: கப்பலைவிடத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் கப்பலின் நீச்சல் குளம், சாப்பாடு, அறை வாடகை பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். நீங்கள் இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் கப்பல் சாண்டோரினியில் நிற்கும் நாளில் வேறு எத்தனை கப்பல்கள் அங்கே நிற்கின்றன? க்ரூஸ்மேப்பர் போன்ற தளங்களில் துறைமுகத்தின் பெயரைப் போட்டால் தேதிவாரியாகக் கப்பல்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் கொள்ளளவும் வந்துவிடும். அவற்றைக் கூட்டிப் பாருங்கள்.

நாளுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற உச்சவரம்பைத் தீவு நிர்வாகம் வகுத்து வைத்திருக்கிறது. ஆனாலும் 2024 ஜூலை 23 அன்று கப்பல்களில் மட்டும் சுமார் 11,000 பேர் வரப்போகிறார்கள் என்ற நிலை வந்தது. உள்ளூர்க்காரர்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அங்குள்ள கவுன்சிலர் ஒருவர் முகநூலில் எழுதினார். எங்கள் ஊரில் நாங்களே வெளியே வரக்கூடாதா என்று ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். கொதித்ததில் தப்பே இல்லை. தண்ணீருக்கே கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஊர் அது.

உங்கள் கணக்கில் கூட்டுத்தொகை நாலாயிரத்துக்குள் இருந்தால் நிம்மதியான நாள். ஐந்து, ஆறாயிரம் என்றால் சமாளிக்கலாம். எட்டாயிரத்தை ஒட்டி வந்தால், அதே பயணத் திட்டத்தில் வேறு வாரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்த அளவுகள் என் அனுபவக் கணக்கு, அரசாணை இல்லை.

கப்பலின் அளவும் முக்கியம். ராயல் கரிபியனின் 'ஒடிஸி ஆஃப் த சீஸ்' மாதிரியான கப்பலில் நாலாயிரத்துக்கும் மேல் பயணிகள். அவ்வளவு பேரும் ஒரே கதவு வழியாக ஒரே துறைக்கு இறங்க வேண்டும். கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் செலஸ்டியல் நிறுவனக் கப்பல்களில் ஆயிரத்து இருநூறு, முந்நூறு பேர்தான். நீர்ச்சறுக்கும் பனிச்சறுக்குத் திடலும் இருக்காது. தீவுகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் நான் சின்னக் கப்பலையே சொல்வேன். குழந்தைகளோடு போகிறவர்கள் பெரிய கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலான கப்பல்கள் காலை ஏழெட்டு மணிக்கு வந்து மாலையில் கிளம்பும். சில கப்பல்கள் மதியத்துக்குமேல் வந்து இரவு ஒன்பது, பத்து வரை நிற்கும். இந்த இரண்டாவது வகை கிடைத்தால் விடாதீர்கள். காலையில் வந்தவர்கள் இறங்கும் நேரத்தில் நீங்கள் ஏறுவீர்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூலை ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். கூடவே வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். அது பலமானால் டெண்டர் படகுகளை இயக்க முடியாது. கப்பல் சாண்டோரினியில் நிற்காமலேயே போய்விடும். ஏப்ரல் கடைசி, மே, அக்டோபர் மூன்றும் நல்ல காலம்.

செலவிலும் வித்தியாசம் உண்டு. 2025 ஜூலை 1 முதல் கிரேக்க அரசு கப்பல் பயணிகளுக்கு இறங்கு கட்டணம் விதிக்கிறது. சாண்டோரினி, மிக்கோனோஸ் இரண்டு தீவுகளுக்கும்தான் உச்ச விகிதம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் 12, குளிர்காலத்தில் 4. நாலு பேர் குடும்பம் ஜூலையில் 80 யூரோ, அக்டோபரில் 48. பெரும்பாலும் கப்பல் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள், நீங்கள் கரையில் சீட்டு வாங்க வேண்டியதில்லை. இதனால் கூட்டம் குறையும் என்று நான் நம்பவில்லை. லட்சக்கணக்கில் கொடுத்துக் கப்பல் ஏறியவர் இருபது யூரோவுக்காகக் கீழே இறங்காமல் இருக்கப் போவதில்லை.

படி 2: விசா

இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வேண்டும். கப்பலிலேயே தூங்குகிறோம், கரையில் தங்கப்போவதில்லை என்பது விசாவிலிருந்து விலக்குத் தராது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம், பல நுழைவு விசா. கிரேக்கத் தீவுப் பயணங்களில் துருக்கியின் குஷாடாசியும் இஸ்தான்புல்லும் அடிக்கடி வரும். குஷாடாசிக்குப் போனாலே ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. மறுபடி கிரேக்கத் தீவில் கால் வைப்பது இரண்டாவது நுழைவு. ஒரே நுழைவு விசாவோடு வந்தால் கப்பல் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். விண்ணப்பிக்கும்போது கப்பலின் முழுப் பயணத் திட்டத்தையும் இணைத்து, பல நுழைவு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு, ஆகவே சீக்கிரம் தொடங்குங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

துருக்கிக்குத் தனி விசா. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியர்கள் இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஷெங்கன் முதலில், துருக்கி அடுத்து.

காப்பீடு எடுக்கும்போது கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் என்ன கிடைக்கும், இயற்கைச் சீற்றம் வந்தால் என்ன கிடைக்கும் என்ற இரண்டு வரிகளையும் படித்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே நிலநடுக்கங்கள் தொடர்ந்து வந்தன. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறினார்கள். பெரிய சேதம் இல்லாமல் அடங்கியது. ஆனால் எரிமலை விளிம்பில் இருக்கும் ஊர் எப்போது என்ன செய்யும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

படி 3: கப்பல்காரர்களின் சுற்றுலாவா, சொந்தமாகவா?

வயதான அப்பா அம்மாவை அழைத்துப்போகிறீர்களா? யோசிக்காமல் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை எடுத்துவிடுங்கள். விலை கூடுதல்தான், கூட நாற்பது பேர் இருப்பார்கள், ஓரிடத்தில் அரை மணிக்குமேல் விடமாட்டார்கள். ஆனால் முதல் படகுகளில் இடம், அதினியோஸில் காத்திருக்கும் குளிர்சாதனப் பஸ், காலை வரிசையே கிடையாது. அந்தக் குழு தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சுற்றுலா எங்கே முடிகிறது? பெரும்பாலும் உங்களை ஃபிராவில் விட்டுவிட்டு, கையில் ஒரு கேபிள் கார் சீட்டைக் கொடுத்து, நேரத்துக்குள் இறங்கிவிடுங்கள் என்று சொல்லிப் போய்விடுவார்கள். காலையில் தப்பித்த வரிசையில் மாலையில் நிற்க வேண்டிவரும். முட்டிவலிக்காரர்களுக்கு இது சோதனை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் முன்கூட்டியே கப்பல் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். அலை ஆடும்போது டெண்டரில் சக்கர நாற்காலியை ஏற்றுவதைப் பணியாளர்கள் மறுக்கலாம். கரையேறினாலும் ஃபிரா, ஈயா சந்துகள் பாதிக்குப் பாதி படிக்கட்டுகள்தான்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்குச் சொந்தமாகச் சுற்றுவதே நல்லது. செலவும் குறையும், பிடித்த இடத்தில் உட்காரவும் முடியும்.

படி 4: முந்தின இரவு

டெண்டர் படகில் ஏற வரிசைச் சீட்டு கொடுப்பார்கள். எங்கே, எத்தனை மணிக்கு என்பது முந்தின நாள் அறைக்கு வரும் தினசரித் தாளிலோ கப்பலின் செயலியிலோ இருக்கும். முதலில் சுற்றுலா எடுத்தவர்கள், சொகுசு அறைக்காரர்கள், அந்த நிறுவனத்தில் பலமுறை பயணம் செய்தவர்கள். அப்புறம்தான் மற்றவர்கள். சீட்டு கொடுக்கத் தொடங்குவதற்குக் கால் மணி முன்பே குடும்பத்தில் ஒருவர் போய் நிற்கட்டும். காலைச் சாப்பாட்டை எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் நீங்களும் சாப்பிட்டால் பிந்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கப்பல் கடிகாரமும் தீவுக் கடிகாரமும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் புறப்பட்டு வரும் சில கப்பல்கள் இத்தாலிய நேரத்திலேயே ஓடும். கிரேக்கம் ஒரு மணி முன்னே. கரை இறங்கியதும் கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். கடைசிப் படகு எந்த நேரப்படி என்று பணியாளரிடம் கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கே வைத்துவிடுங்கள்.

பையில் தண்ணீர், தொப்பி, சில்லறை யூரோ, பிடிமானமுள்ள காலணி. செருப்பு மட்டும் வேண்டாம், காரணம் கீழே வருகிறது. கடவுச்சீட்டைச் சில கப்பல்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படியானால் அதன் நகலும் விசாப் பக்கத்தின் நகலும் உங்கள் பையில் இருக்கட்டும்.

படி 5: படகு

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாண்டோரினியில் பெரும்பாலும் உள்ளூர்ப் படகுக்காரர்களின் பெரிய படகுகளே வரும். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, அலை மேலே தூக்கும்போது காலை வையுங்கள். வெளியேறும் பக்கமாக உட்காருங்கள். கரையில் முதலில் இறங்கும் இருபது பேரில் ஒருவராக இருப்பது அடுத்த படியில் உதவும்.

படி 6: பாறைச் சுவர் ஏறுவது

பழைய துறைமுகத்தில் இறங்கியதும் தலைக்குமேல் ஏறக்குறைய 220 மீட்டர் உயரத்தில் ஃபிரா தெரியும். மேலே போக மூன்று வழிகளைச் சொல்வார்கள். நாலாவது ஒன்று உண்டு; அதைப் பலர் கவனிப்பதில்லை.

முதல் வழி கேபிள் கார். கோத்துவிட்டதுபோல ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர், ஆக ஒரு தடவைக்கு 36 பேர். ஏறும் நேரம் மூன்று நிமிடம். நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 540 பேர். இப்போது ஒரே கப்பலிலிருந்து இரண்டாயிரம் பேர் இந்தத் துறையில் இறங்கினால் எவ்வளவு நேரம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மூன்று கப்பல்கள் நிற்கும் நாளில் காலை ஒன்பதரை மணிக்கு வந்து நின்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எட்டு மணிக்குள் வந்தால் பத்து நிமிடம். நீண்ட காலம் ஆறு யூரோவாக இருந்த கட்டணத்தைப் பிறகு பத்தாக்கிவிட்டார்கள், அதுவும் ஒரு வழிக்கு. திரும்பும் சீட்டையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். மாலையில் நடந்து இறங்க நேர்ந்தால் அது வீண்.

இரண்டாவது வழி, படிகள். மொத்தம் 588. படிக்கட்டிலேயே எண் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே ஏறுவது உற்சாகமா வேதனையா என்பது அவரவர் மூச்சைப் பொறுத்தது. அகலமான, சரிவான படிகள். பல காலமாகக் குளம்பு பட்டுப் பட்டுக் கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அதன்மேல் சாணம் கிடக்கிறது. செருப்பு வேண்டாம் என்றது இதனால்தான். நிழல் கிடையாது. காலை எட்டரைக்குள், நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு முக்கால் மணி. பதினொரு மணிக்குமேல் ஜூலை வெயிலில் இதை முயலவே வேண்டாம்.

மூன்றாவது, அதே படிகளில் கழுதை, கோவேறு கழுதை மேல் ஏறிப் போவது. ஒரு காலத்தில் கட்டடக் கல்லும் தண்ணீரும் மேலே போனது இவற்றின் முதுகில்தான். இப்போது சுமப்பது சுற்றுலாப் பயணிகளை. 2018-ல் கிரேக்க அரசு 100 கிலோவுக்கு மேலோ, விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக்கூடாது என்று விதி போட்டது. எடை போட்டுப் பார்த்து ஏற்றுவதை எதிர்பார்க்காதீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வாயில்லா ஜீவன் படும் பாடு ஒரு பக்கம். இறங்கி வரும் மந்தை நடந்து ஏறுகிறவர்களைச் சுவரோரம் நெருக்குவது இன்னொரு பக்கம். குளம்புச் சத்தம் கேட்டால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, போக விட்டு நடங்கள்.

நாலாவது வழிதான் என் பரிந்துரை. துறையிலேயே சிறு பந்தல்களில் ஈயாவுக்குப் படகும் பஸ்ஸும் சேர்த்த சீட்டு விற்பார்கள். படகு பாறைச் சுவரை ஒட்டியே வடக்கே போய் ஈயாவுக்குக் கீழே இறக்கும். அங்கே காத்திருக்கும் பஸ் மேலே கொண்டுபோகும். பிறகு ஈயாவிலிருந்து ஃபிராவுக்கும் அவர்கள் பஸ்ஸே. விலை கேபிள் காரையும் ஊர்ப் பஸ்ஸையும் கூட்டினால் வருவதைவிடக் கூடுதல்தான். ஆனால் கேபிள் கார் வரிசை மிச்சம், கால்டெராவைக் கீழிருந்து பார்த்தபடி ஒரு படகுப் பயணமும் கிடைக்கிறது. கூட்டம் வருவதற்கு முன் ஈயாவில் இருப்பீர்கள். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காத்து பலமாக இருக்கும் நாளில் இந்தப் படகு ஓடாது.

படி 7: மேலே போனபின்

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு நாளில் இரண்டு இடம் போதும். ஒன்று கண்ணுக்கு, ஒன்று அறிவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈயா போவதானால் காலை பத்துக்குள் போய்விடுங்கள். ஃபிராவின் பஸ் நிலையம் கேபிள் கார் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அங்கிருந்து அரை மணிக்குள் ஈயா. சீட்டுப் பெரும்பாலும் பஸ்ஸுக்குள்ளேயே, இரண்டு யூரோவை ஒட்டி. டாக்ஸி மொத்தத் தீவுக்கும் சொற்பம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஈயாவில் பளிங்குக் கல் பாவிய ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் கடை. மேற்குக் கோடியில் இடிந்த கோட்டை. அங்கே நின்றால் வெள்ளை வீடுகள் சரிந்து இறங்குவது முழுதாகத் தெரியும். பார்க்கும்போது பழமையான ஊர் போலிருக்கும். ஆனால் 1956 ஜூலையில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் தீவின் வீடுகள் பெருமளவில் இடிந்தன, ஜனங்கள் ஊரைவிட்டே போனார்கள். நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப்பின் எடுத்துக் கட்டியது.

நீலக் குவிமாடங்கள் கோயில்கள். அவற்றைச் சுற்றியிருக்கும் கூரைகள் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடி. படத்துக்காகச் சுவர் ஏறிக் குதிப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். கயிறு கட்டி, தயவுசெய்து ஏறாதீர்கள் என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், அதன் மேலேயும் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலை நமக்கு வேண்டாம்.

ஈயாவின் சூரிய அஸ்தமனம் பெயர்பெற்றது. கப்பலில் வந்தவர்கள் அதை மறந்துவிடலாம். அந்த நேரத்தில் ஈயாவிலிருந்து ஃபிரா வரும் ஒரே சாலை அடைத்துக்கொள்ளும், பஸ்ஸில் ஏற முடியாது, கடைசிப் படகு போய்விடும். மாலையில் கிளம்பும் கப்பலின் மேல்தளத்தில் நின்றால் அதே சூரியன் அதே கடலில்தான் இறங்குகிறது, தள்ளுமுள்ளும் இல்லை.

கூட்டம் அதிகமான நாளாக இருந்தால் ஈயாவையே விட்டுவிட்டுத் தெற்கே அக்ரோதிரி போங்கள் என்பேன். எரிமலைச் சாம்பலுக்கடியில் புதைந்த வெண்கலக் கால நகரம். 1967-ல் ஸ்பிரிடோன் மரினாடோஸ் என்ற தொல்லியலாளர் தோண்டத் தொடங்கினார். இரண்டு மூன்று மாடி வீடுகள், கழிவுநீர் வடிகால், வரிசையாக நிற்கும் தானியச் சாடிகள். மனித எலும்புகள் கிடைக்கவில்லை; முன்கூட்டியே நடுக்கம் கண்டு ஊர் காலி செய்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். முழுக்கக் கூரை போட்டிருப்பதால் வெயிலும் தெரியாது. சீட்டை அரசுத் தளத்தில் முன்பே வாங்கிக்கொள்ளலாம். ஃபிராவிலிருந்து பஸ் உண்டு, ஆனால் ஈயாவுக்குப் போல அடிக்கடி இல்லை. திரும்பும் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கிடைத்த ஓவியங்களில் சில ஃபிராவில் உள்ள 'வரலாற்றுக்கு முந்தைய தீரா' அருங்காட்சியகத்தில் இருக்கின்றன (தீரா என்பது சாண்டோரினியின் இன்னொரு பெயர்). பஸ் நிலையத்துக்குப் பக்கம்தான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பார்த்துப் போங்கள். நம்மவர்கள் தவறவிடக்கூடாத ஒன்று உள்ளே இருக்கிறது: பாறைமேல் தாவும் நீலக் குரங்குகள். நீண்ட காலம் இவற்றை ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றே சொல்லிவந்தார்கள். வாலை மேலே வளைத்துத் தூக்கிப் பிடிக்கும் விதத்தை வைத்து, இவை தெற்காசியாவின் லங்கூர் குரங்குகளாக இருக்க வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் குரங்கியல் ஆய்வாளர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். லங்கூர் என்றால் நம் ஊர்ப் பக்கத்துக் கருமுக மந்தி. அது சரியானால், 3,600 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பக்கத்திலிருந்து குரங்கோ, அதன் படமோ, அதைப் பார்த்த ஆளோ இந்தத் தீவுவரை வந்து சேர்ந்திருக்கிறார்கள். கப்பலில் வந்து இறங்கும் ஆயிரக்கணக்கானோரில் இந்த அறைக்குள் வருகிறவர்கள் கொஞ்சம்தான். நிதானமாக நின்று பார்க்கலாம்.

பஸ்ஸே வேண்டாம் என்கிறவர்கள் ஃபிராவிலிருந்து விளிம்புப் பாதையில் வடக்கே நடங்கள். கால் மணியில் ஃபிரோஸ்டெஃபானி, முக்கால் மணிக்குள் இமெரோவிக்லி. ஈயாவில் தெரியும் அதே காட்சிதான், பாதிக்கூட்டம் கூட இருக்காது. அதே பாதை ஈயாவரை சுமார் பத்து கிலோமீட்டர் போகிறது. முழுதும் நடக்க மூன்று மணிநேரத்துக்குமேல் ஆகும். கப்பல் நாளில் அது கட்டுப்படியாகாது.

சாப்பாடு

விளிம்போரம் மேசை போட்ட கடையில் காட்சிக்கும் சேர்த்துப் பில் வரும். ஒரு தெரு உள்ளே தள்ளிப் போனால் விலை இறங்கும். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஃபாவா என்று கேளுங்கள்: மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, மேலே வெங்காயம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். மழை குறைந்த மண்ணில் விளையும் சின்னத் தக்காளியைப் போண்டா மாதிரி பொரித்துத் தரும் தொமாதோகெஃப்தேதெஸ் இன்னொன்று. வெள்ளைக் கத்தரிக்காயும் இந்தத் தீவின் விளைச்சல்தான். முட்டை, பால் கூட வேண்டாம் என்பவர்கள் 'நிஸ்டீசிமோ' என்று சொன்னால் நோன்புச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள்.

பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க உள்ளூர்க்காரர்களே விரும்புவதில்லை.

படி 8: இறங்குவது

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பு நீங்கள் ஃபிராவில் இருக்க வேண்டும். ஈயாவில் அல்ல, அக்ரோதிரியில் அல்ல, ஃபிராவில்.

மாலை மூன்றிலிருந்து ஐந்துவரை கேபிள் கார் வரிசை நிலையத்தைவிட்டு வெளியே வந்து, நகைக்கடைச் சந்துகளில் வளைந்து வளைந்து போகும். எங்கே முடிகிறது என்று தேடிப் பிடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். முதலில் நேராக நிலைய வாசலுக்குப் போய் வரிசையைப் பாருங்கள், கடைகளை அப்புறம் பார்க்கலாம். வரிசை சின்னதாக இருந்தால் கடைக்குப் போய்விட்டு வருவோம் என்று கிளம்பாதீர்கள், கீழே இறங்கிவிடுங்கள். துறையிலும் சாயாக்கடை போல இரண்டு மூன்று உணவகங்கள் இருக்கின்றன. கப்பலைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பதில் ஒரு நிம்மதி உண்டு.

வரிசை பெரிதாக இருந்தால், முட்டி சரியாக இருப்பவர்கள் 588 படிகளில் இறங்குவதே மேல். அரை மணி, நாற்பது நிமிடம் போதும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். சுவரைத் தொட்டபடி, அவசரப்படாமல் வாருங்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்து பெரியவர்கள் வரிசையிலும் இளையவர்கள் படியிலும் வருவதானால், சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவிடுங்கள். அந்த நெரிசலில் கைப்பேசி இணைப்பு மக்கர் பண்ணும்.

இந்த நேரத்தில் துறையிலும் ஒரு வரிசை உண்டு. அங்கே கப்பலின் பெயர்ப் பலகையைப் பார்த்து நில்லுங்கள். மூன்று கப்பல்களின் படகுகள் ஒரே துறையில் வந்து போகும், அடுத்தவர் கப்பல் படகில் ஏறப்போய்த் திரும்பி வருகிறவர்கள் தினமும் உண்டு.

படகு போயே போய்விட்டால்

சுற்றுலாக் குழுவில் இருந்தால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றியவருக்காகக் காத்திருக்காது. அன்றைய தினசரித் தாளின் ஓரத்தில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருப்பார்கள். கிளம்பும்போதே அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு கப்பலில் இருந்து, நீங்கள் திரும்பவில்லை என்று தெரிந்தால், பெரும்பாலும் அதை முகவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். முதல் அழைப்பு அவருக்கு.

கப்பல் அடுத்து ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் போகிறதென்றால் கவலை குறைவு. அதினியோஸிலிருந்து படகு உண்டு, விமானத்தில் ஏதென்ஸ் முக்கால் மணிதான். மிக்கோனோஸ், கிரீட் என்றாலும் கோடையில் படகு கிடைக்கும். அடுத்த துறைமுகம் குஷாடாசியாக இருந்தால் ஏதென்ஸ் போய், அங்கிருந்து இஸ்தான்புல் வழியாக இஸ்மீருக்குப் பறந்து, சாலையில் போக வேண்டும். செலவு முழுக்க உங்களுடையது. துருக்கி இ-விசாவின் அச்சுப் பிரதி கப்பல் அறையிலேயே கிடந்தால் பரவாயில்லை, மின்னஞ்சலிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஷெங்கன் விசா ஒட்டிய கடவுச்சீட்டுக்கு அப்படி மறுபிரதி கிடையாது; கப்பல்காரர்கள் கேட்டு வாங்கி வைக்காதவரை அதைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கரை இறங்குங்கள்.